பழைய வட்ட சாண்டர்: எந்த மாடல் என்று கண்டுபிடித்து, பேட்-சேவரும் தூசிக் குழாயும் பொருத்துவது எப்படி?

சென்னையில் மரவேலை பழகத் தொடங்குபவர் கைக்கு வரும் முதல் சாண்டர், அதாவது உப்புத்தாளைச் சுழற்றி மரத்தைத் தேய்க்கும் மெஷின், பெரும்பாலும் பழையதுதான். தெரிந்த ஆசாரி புது மெஷின் வாங்கியதும் கைமாற்றியதாக இருக்கும். இல்லையென்றால் அமெரிக்காவிலிருந்து திரும்பிய சித்தப்பா பெட்டியில் போட்டுக் கொண்டுவந்ததாக இருக்கும். என்னிடம் இருப்பதும் அப்படி வந்ததுதான். மோட்டார் அருமையாக ஓடும். அடியில் இருக்கும் வெல்க்ரோ மட்டும் மொட்டையாகி, உப்புத்தாள் நிற்காமல் கழன்று ஓடும்.

பழைய சாண்டரில் முதலில் தேய்வது, உப்புத்தாள் ஒட்டும் வட்டத் தட்டான இந்த அடி பேட்தான். புது பேட் போட்டு, அதன் மேல் ஒரு பேட்-சேவர் (பேட்டைத் தேயாமல் காக்கும் மெல்லிய தட்டு) ஒட்டிவிட்டால் மெஷின் இன்னும் பல வருடம் உழைக்கும். ஆனால் கடையில் போய் "அண்ணே, 125 எம்எம் பேட் ஒண்ணு குடுங்க" என்று மட்டும் கேட்டால் வேலைக்கு ஆகாது. அதே அளவில் ஒன்றுக்கொன்று பொருந்தாத பேட்கள் நிறைய இருக்கின்றன.

வேலை தொடங்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

1. தகட்டைப் படியுங்கள்

மெஷின் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டை சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். தின்னர், பெட்ரோல் வேண்டாம், அச்சே அழிந்துவிடும். எழுத்து மங்கலாக இருந்தால் போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பாஷ் நீல மெஷினில் "ஜிஇஎக்ஸ் 125" என்ற பெயர் மட்டும் போதாது. 0 601 அல்லது 3 601 என்று தொடங்கும் பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். ஸ்பேர் கடைக்காரர் தேடுவது அதை வைத்துத்தான். டிவால்ட்டில் மாடல் எண்ணோடு "டைப் 1", "டைப் 2" என்று ஒரு குறிப்பு இருக்கும். மாடல் ஒன்றாக இருந்தாலும் டைப் மாறினால் சில பாகங்கள் மாறும், அதனால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய டி26451, டி26453 மாடல்களின் இடத்தில்தான் பிறகு டிடபிள்யூஇ6421, 6423 வந்தன. மகிட்டாவில் பிஓ5030-க்கும் பிஓ5031-க்கும் முக்கிய வித்தியாசம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. அது 5031-ல்தான் உண்டு.

வோல்ட்டையும் பாருங்கள். 120 என்று இருந்தால் அது அமெரிக்க மெஷின். நம் 230 வோல்ட் சாக்கெட்டில் நேராகச் செருகினால் மோட்டார் கருகிவிடும். வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

2. அடியை அச்செடுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். தகடு சரியாகத் தெரிந்தாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். முந்தைய சொந்தக்காரர் வேறு பேட் மாட்டியிருக்கலாம்.

மெஷினைத் தலைகீழாகப் பிடித்து, பேட் மேல் ஒரு மெல்லிய வெள்ளைத்தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். ஓரமும் துளைகளும் அப்படியே பதியும். அதிலிருந்து மூன்று விஷயம் எடுக்க வேண்டும்: பேட்டின் குறுக்களவு, துளைகளின் எண்ணிக்கை, எதிரெதிர் துளைகளின் நடுவிலிருந்து நடுவரை உள்ள தூரம். 125-ல் 5 துளையும் உண்டு, 8 துளையும் உண்டு. 150-ல் 6 துளை சாதாரணம்; இன்னும் அதிகத் துளைகளோடும் வருகிறது. எட்டுத் துளை என்றாலே எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். துளைகள் நிற்கும் வட்டம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

துளை பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? தூசி உள்ளே இழுக்கப்படாமல் தாளுக்கும் மரத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். தாள் அடைத்துக்கொள்ளும், சூடேறும், அந்தச் சூட்டில் வெல்க்ரோவின் பிளாஸ்டிக் கொக்கிகள் இளகி மடங்கிவிடும். புது பேட்டும் சீக்கிரமே மொட்டையாகும்.

அடுத்து பேட்டைக் கழற்றுங்கள். சில மெஷினில் நடுவில் ஒரே திருகு, சிலவற்றில் சுற்றி மூன்று அல்லது நான்கு. பின்புறம் அது உட்காரும் குழியின் வடிவமும் மாறும். பென்சில் அச்சு, பழைய பேட், தகட்டின் படம் மூன்றையும் எடுத்துக்கொண்டு பாரிமுனை லிங்கி செட்டித் தெருப் பக்கம் போங்கள். இணையத்தில் வாங்குவதைவிட இப்படிக் கையில் வைத்துப் பொருத்திப் பார்த்து வாங்குவதையே நான் விரும்புகிறேன்.

பேட்டின் முகம் வழுவழுப்பாக ரெக்சின் போல இருந்தால் அது பசைத்தாள் ஒட்டும் பழைய வகை. அதில் பேட்-சேவர் நிற்காது. அதே மாடலுக்கு வெல்க்ரோ பேட் கிடைக்கிறதா என்று கேட்டு மாற்றுங்கள். சதுரமாக, இரண்டு பக்கமும் கிளிப் வைத்த சாண்டராக இருந்தால் அதற்கு இந்த விளக்கம் பொருந்தாது.

3. ரப்பர் வளையம்

பேட்டைக் கழற்றியதும், அதன் மேல்புறம் உரசி நிற்கும் ஒரு ரப்பர் வளையமோ பாவாடை போன்ற ஓரமோ தெரியும். அதுதான் பிரேக். மெஷினைத் தூக்கிப் பிடிக்கும்போது பேட் தறிகெட்டுச் சுற்றாமல் தடுப்பது அதன் வேலை. தேய்ந்திருந்தால், சுற்றும் பேட்டை மரத்தில் வைத்த நொடியே வட்டமாகக் கீறல் விழும், பாலிஷ் போட்டதும் பளிச்சென்று தெரியும். விலை குறைவான பாகம். பேட்டோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். புது பேட்டைப் பூட்டும்போது திருகு நின்றதும் இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போதும். முழு பலம் கொடுத்தால் மரை போய்விடும்.

4. பேட்-சேவர்

இது ஒரு மெல்லிய தட்டு. ஒரு பக்கம் பேட்டில் ஒட்டும், மறுபக்கம் உப்புத்தாள் ஒட்டும். தாள் மாற்றும்போது தேய்வது இதன் கொக்கிதான். அசல் பேட் தப்பிக்கும். துளைகளின் வழியே இரண்டு பென்சிலை விட்டு, அவற்றை வழிகாட்டியாக வைத்து இறக்கினால் நேராக உட்காரும். கண்ணளவில் ஒட்டினால் ஓரம் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு மெஷின் அதிரும். வலைத்தாள் (வலை போல ஓட்டைகளோடு வரும் தேய்ப்புத்தாள்) பயன்படுத்துபவர்களுக்கு பேட்-சேவர் கண்டிப்பாக வேண்டும். வலை கொக்கிகளைச் சீக்கிரம் தின்றுவிடும்.

தடித்த ஸ்பாஞ்ச் தட்டும் விற்கிறார்கள். நாற்காலிக் கை, வளைந்த கால் இதற்கெல்லாம் நல்லது. மேசைப் பலகைக்கு வேண்டவே வேண்டாம், ஓரங்களை உருட்டிவிடும்.

5. தூசி

மெஷினோடு வரும் பையை நான் நம்புவதில்லை. வாக்யூம் கிளீனர் குழாயைச் சேர்ப்பதே மேல். பழைய மெஷினின் தூசி வாய்க்கும் குழாய்க்கும் அளவு சேராது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டி இரண்டுக்கும் மேல் இழுத்துவிட்டு, இரண்டு முனையிலும் ஹோஸ் கிளிப் போடுங்கள். வாய் பிளாஸ்டிக் என்றால் மெதுவாக இறுக்குங்கள்.

குழாய் இருந்தாலும் என்95 மாஸ்க் போடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தேக்குத் தூசி சிலருக்குத் தோலில் அரிப்பையும் தரும். கைக்குட்டை கட்டிக்கொள்வது பாதுகாப்பே அல்ல.

பிறகு சேர்த்தது

பேட்-சேவர் போட்டபின் மெஷின் நடுங்குகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். முதலில் அது நடுவில் இருக்கிறதா பாருங்கள். சரியாக இருந்தும் நடுங்கினால், பேட்-சேவரும் ஸ்பாஞ்சும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருக்கிறீர்களா? உள்ளே இருக்கும் எதிர் எடை, அந்த மாடலின் பேட் எடைக்குக் கணக்கிட்டு வைத்தது. மேலே எடை ஏற ஏற அதிர்வும் ஏறும். ஒன்றைக் கழற்றுங்கள்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீட்டுக் கதவுகளின் பெயிண்டை இந்த மெஷினால் எடுக்கலாமா என்ற கேள்வியும் வந்தது. எடுக்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் அடுக்குகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் படியும், தரையில் தவழும் குழந்தைகளின் வாய்க்கும் போகும். பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டுங்கள், அல்லது வாட்டர் பேப்பரை நனைத்துக் கையால் தேயுங்கள். அந்த ஈர வேலைக்கு மின்சார சாண்டரைக் கொண்டுபோக வேண்டாம். பெயிண்ட் முழுவதும் போய், கதவைக் கழுவி, மரம் காய்ந்த பிறகு 120 நம்பர் தாளோடு சாண்டரை எடுக்கலாம்.