ஆவணி மாதத்து ஏரியில் நிறத்தை நம்பாதீர்கள்

"ஏரியே வத்திக் கெடக்கு, இப்போ போய் என்னத்தப் பாக்கிறது?" ஆடி, ஆவணியில் சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பறவை பார்க்க யாரைக் கூப்பிட்டாலும் இதுதான் பதில். முதல் தவறும் இதுதான். தண்ணீர் இறங்கினால்தான் சேறு தெரியும். அதில் புழு பூச்சி தேடும் உள்ளான் பறவைகளுக்குக் கணுக்கால் ஆழமே அதிகம். வடக்கே குஞ்சு பொரித்து முடித்த உள்ளான்கள் ஆகஸ்டிலேயே இங்கே வரத் தொடங்கிவிடும். வலசைப் பறவை என்றால் டிசம்பர் என்று காத்திருப்பவர்கள் இந்த முதல் வரவைக் கோட்டை விடுகிறார்கள்.

அடுத்தது, நிறத்தை வைத்துப் பெயர் சொல்வது. நானும் வெகுநாள் செய்த தவறு. கையேட்டுப் படத்தில் இருப்பது பெரும்பாலும் முழு அலங்காரத்தில் நிற்கும் வளர்ந்த பறவை. இந்தப் பருவத்தில் ஏரியில் நிற்பதோ பாதி இறகு உதிர்ந்ததும், நிறம் வராத இளசும். நீளவால் இலைக்கோழியை வாலை வைத்துத் தேடினால் ஏமாறலாம். இனப்பெருக்கம் முடிந்ததும் அந்த வால் உதிர்ந்துவிடும். விரலைப் பாருங்கள். இலை மேல் நடப்பதற்கென்றே அமைந்த அந்த நீண்ட விரல்கள் எந்த மாதத்திலும் மாறாது.

கொக்குகளில் குழப்பம் இன்னும் அதிகம். மஞ்சள் அலகு என்றால் பெரிய கொக்கு, கறுப்பு என்றால் சின்னக் கொக்கு என்று மனப்பாடம் செய்திருப்போம். இனப்பெருக்கக் காலத்தில் பெரிய கொக்கின் அலகும் கறுத்துவிடும். அப்புறம் எதைப் பார்ப்பது? வாய்ப்பிளவை, அதாவது அலகின் அடியில் வாய் பிளக்கும் கோட்டை. பெரிய கொக்குக்கு அந்தக் கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். சின்னக் கொக்குக்குக் கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். அது சேற்றிலிருந்து காலைத் தூக்கும்வரை பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

செடிகளில் பெயர்தான் காலை வாரும். கரையெல்லாம் இளஞ்சிவப்புப் புனல் பூவாகப் பூத்து நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்குக்கும் ஆமணக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது சர்க்கரைவள்ளியின் இனம். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, ஆடுமாடுகளுக்கு நஞ்சு. அதே இனத்து வள்ளைக்கீரையும் அதே போலத்தான் பூக்கும். ஆனால் அது தண்ணீர் மேல் படரும் கொடி, தண்டு உள்ளே வெறும் குழல். பூவை மட்டும் பார்த்துவிட்டுக் கீரை என்று பறித்துவிடாதீர்கள். ஊதா பூ பூக்கும் வெங்காயத்தாமரையை ஆகாயத்தாமரை என்று பலரும் சொல்கிறோம். ஆகாயத்தாமரை வேறு, பார்க்க முட்டைக்கோஸ் குருத்து மாதிரி மிதக்கும்.

சேற்றின் மேலோடு காய்ந்து வெடித்திருந்தால் கெட்டியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரியில் படம் எடுக்கிற ஆசையில் நாலடி உள்ளே போனேன். முழங்கால் வரை இறங்கிவிட்டது. காலை மீட்டேன், செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. மாட்டுக் குளம்புத் தடம் ஆழமாகப் பதிந்திருக்கும் இடத்தில் நீங்கள் கால் வைக்காதீர்கள்.

ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தினால் கேமராவைத் தூக்காமல் அப்படியே நில்லுங்கள். கூடு என்று தனியாக எதுவும் கட்டாது. வெறுந்தரையில் நாலு முட்டை, மண்கட்டி நிறத்தில், உங்கள் காலடியிலேயே கிடக்கலாம். ஆகஸ்டிலும் சில ஜோடிகள் அடை காக்கும். வந்த வழியே உங்கள் தடத்தைப் பார்த்தபடி பின்வாங்குங்கள். கத்தல் அடங்கிய இடத்தில் உட்கார்ந்துகொண்டால், கொஞ்ச நேரத்தில் அது குடுகுடுவென்று ஓடி வந்து முட்டை மேல் உட்காருவதைப் பார்க்கலாம்.