நடைபாதையை விட்டு எங்கே இறங்குகிறோம்? தெருவைக் கணக்கெடுக்கும் முறை

சென்னையில் நடைபாதை இருந்தும் சாலையில் நடப்பவர்களைப் பார்த்து, ஒழுங்கு தெரியாதவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். காரணம் பெரும்பாலும் அவர்களுடைய காலடியிலோ தலைக்கு மேலோ இருக்கிறது. அதைக் கண்டறிய ஓர் அளவு நாடாவும் இரண்டு மாலைகளும் போதும்.

முதல் மாலை நான்கு மணிக்குத் தெருவில் நின்று, நடப்பவர்கள் எந்த வீட்டின் முன்னால் கீழே இறங்குகிறார்கள் என்று கதவு எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். காய்கறிப் பையுடன் வரும் ஒரு பாட்டியைக் கவனித்தால் விஷயம் விளங்கும்: கார் ஏறுவதற்காகப் போட்ட சாய்தளத்தில் கால் சறுக்கும் என்று அஞ்சி ஒருமுறை இறங்குபவர், அடுத்த வீட்டருகே கரைக்கல் (நடைபாதையின் விளிம்புக் கல்) முழங்காலுக்குப் பாதி உயரம் இருப்பதால், தெருமுனை வரை மீண்டும் ஏறுவதே இல்லை.

இறங்கும் இடங்களை மட்டும் அளந்தால் போதும். மொத்த அகலத்தால் பயனில்லை. மின்பெட்டியும் நிறுத்திய ஸ்கூட்டரும் போக மிஞ்சும் அகலமே கணக்கு. இந்தியச் சாலைப் பேரவையின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, குடியிருப்புத் தெருவிலும் தடையற்ற அகலம் 1.8 மீட்டர் இருக்க வேண்டும். கரைக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மரத்தடி இஸ்திரி வண்டியைத் தடையென்று எழுத அவசரப்பட வேண்டாம். இருட்டிய பிறகு பெண்கள் அவ்வழியே துணிந்து நடப்பதற்கு அங்கே ஆள் நிற்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டாம் மாலை நிழலுக்கானது. தெரு வடக்கு தெற்காக ஓடினால், மேற்குப் பக்கத்து வீடுகளின் நிழல் அந்தப் பக்க நடைபாதைக்குக் கிடைத்துவிடும். வெயில் காய்வது கிழக்குப் பக்கம் என்பதால் மாநகராட்சியிடம் மரம் கேட்க வேண்டியதும் அங்கேதான். கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் மாலை வெயில் நேராக வருவதால், கட்டடங்களை நம்ப முடியாது. இருபுறமும் மரம் வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஏராளமான மரங்களைச் சாய்த்ததை நினைவில் வைத்து, வேம்பு, புங்கன், பூவரசு போன்ற நம் மண்ணுக்குப் பழகிய மரங்களைக் கேளுங்கள். அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமென்ட் பூச வேண்டாம் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் சொல்லும்போது 'நடைபாதை சரியில்லை' என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தக் கதவு எண்ணின் முன்னால், எத்தனை சென்டிமீட்டர் உயரம், எவ்வளவு அகலம் மிச்சம் என்று ஒவ்வோர் இடத்தையும் தனிப் புகாராகப் பதிந்து, அதன் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.