கிரெடிட் சேர்ந்தது, கணக்கில் ஏறவில்லை

கூட வேலை பார்ப்பவரின் மகன் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். ஆன்லைனில் பி.சி.ஏ., இரண்டாம் ஆண்டு. உட்கார்ந்ததும் போனை நீட்டினான். மத்திய அரசின் இலவச ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் மூன்று பாடங்களுக்குப் பெயர் கொடுத்திருந்தான். அங்கே தேறினால் கிடைக்கும் கிரெடிட்டை, அதாவது பாடத்தின் எடையைக் காட்டும் புள்ளியை, பட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு.

“அங்கிள், மூணும் முடிச்சா எட்டு கிரெடிட். இந்த செமஸ்டர்ல பாதி வேலை குறைஞ்சிரும்.”

“யூனிவர்சிட்டியில கேட்டியா?”

“சர்டிபிகேட் வந்ததும் கேட்டுக்கலாம்னு…”

2022-இல் நானும் அச்சு அசலாக இதையேதான் சொன்னேன். குறுக்கே கேள்வி கேட்கத்தான் யாரும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு வேலைக்குப் போய், நாற்பதை நெருங்கும்போது ஆன்லைன் பி.பி.ஏ. சேர்ந்தவன் நான். முடித்தும்விட்டேன். அதிலிருந்து தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகள் ஃபைலோடு வருவது வாடிக்கையாகிவிட்டது. வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் நான் விழுந்த அதே குழியின் ஓரத்தில்தான் நிற்கிறார்கள்.

கடைசித் தேதியைத் தவறவிடாதே, ஹால் டிக்கெட்டை மறக்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். வெளியில் எடுக்கும் கிரெடிட்டிலும் இரட்டைப் பட்டத்திலும் நாம் செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

முதலில் படித்துவிட்டு அப்புறம் கேட்பது

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூலைப் பருவத்தில் இரண்டு, 2023 ஜனவரிப் பருவத்தில் இரண்டு என்று, ஐ.ஐ.டி.கள் ஸ்வயத்தில் நடத்தும் என்பிடெல் வழியாக நான்கு பாடங்கள் முடித்தேன். பன்னிரண்டு வாரப் பாடம் மூன்று, எட்டு வாரப் பாடம் ஒன்று. பன்னிரண்டு வாரத்துக்கு 3 கிரெடிட், எட்டு வாரத்துக்கு 2. ஆக மொத்தம் 11. பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் தலா 1,000 ரூபாய். வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும்: அங்கே 10, இங்கே 30.

அக்டோபர் தேர்வு அன்று நல்ல மழை. ஊருக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப்தான் சென்டர். ஒன்பது மணித் தேர்வுக்கு ஏழரைக்கே போய், பேன்ட் முழங்கால் வரை நனைந்து, பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே செக்யூரிட்டி கேட்டில் நின்றேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்து, “பேரன்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் சார்” என்றார். அதைக்கூட மன்னித்துவிட்டேன்.

நான்கு சர்டிபிகேட்டையும் பிரின்ட் போட்டு, மனுவோடு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்து வந்த பதில் இது.

புள்ளியியல்: இதே பாடத்தை நீங்கள் முதலாண்டிலேயே கோர் (கட்டாயப்) பேப்பராகத் தேறிவிட்டீர்கள், இரண்டாம் முறை கிரெடிட் கிடையாது. மார்க்கெட்டிங்: எங்கள் பேப்பர் 4 கிரெடிட், நீங்கள் கொண்டுவந்திருப்பது 2, பாதிப் பேப்பரை ஏற்க வழியில்லை. மென்திறன்: இது விருப்பப் பாடத்துக்குப் பொருந்தும், ஆனால் உங்களுடைய விருப்பப் பாட இடம் மூன்றாம் செமஸ்டரிலேயே நிரம்பிவிட்டது. நிதி மேலாண்மை: அந்த செமஸ்டருக்கு நாங்கள் அறிவித்த பட்டியலில் இந்தப் பாடம் இல்லை.

பதினொன்றில் ஒன்றுகூட ஏறவில்லை. முதல் மூன்றும் என் தப்பு; பாடத்திட்டத்தை ஒருமுறை விரித்துப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நான்காவதுதான் இன்றைக்கும் எரிச்சலைக் கிளப்புகிறது. ஏனென்றால் அடுத்த செமஸ்டருக்கு வந்த பட்டியலில் அதே நிதி மேலாண்மைப் பாடம் இருந்தது! அதே பேராசிரியர், அதே வீடியோ. நான் ஆறு மாதம் முந்திப் படித்துவிட்டேன், அதுதான் குற்றம். பல்கலைக்கழகத்தின் நிதி மேலாண்மைப் பேப்பரை மறுபடி முதலிலிருந்து படித்து எழுதினேன். விதிப்படி பார்த்தால் அவர்கள் செய்தது சரிதான். எந்தெந்த ஸ்வயம் பாடங்களை ஏற்போம் என்று அந்தந்த செமஸ்டருக்கு முன்பே முடிவு செய்து சொல்வது பல்கலைக்கழகத்தின் வேலை, அந்தப் பட்டியலுக்கு வெளியே போனால் நம் பாடு. சரிதான் என்று தெரிந்தும் கோபம் போகவில்லை.

இங்கே புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. கிரெடிட்டை ‘ஏற்பது’ வேறு, அது பட்டத்துக்குள் ஒரு இடத்தில் போய் உட்காருவது வேறு. “ஸ்வயம் கிரெடிட் ஏத்துக்குவீங்களா?” என்று எந்த அலுவலகத்துக்குப் போன் போட்டாலும் “ஏத்துக்குவோம் சார்” என்றுதான் பதில் வரும். பொய்யில்லை, ஆனால் பிரயோஜனமும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பாடம், இந்த எண் பேப்பருக்குப் பதிலாக, இந்த செமஸ்டரில், எத்தனை கிரெடிட்டாக ஏறும்?

இப்போது என்னிடம் வருகிறவர்களை ஒரு ஏ4 தாளை எடுக்கச் சொல்கிறேன். இடது பக்கம் பட்டத்தின் எல்லாப் பேப்பர்களும்: எண், கோரா விருப்பப் பாடமா, எத்தனை கிரெடிட், எந்த செமஸ்டர், முடித்தாயிற்றா. வலது பக்கம் வெளியில் எடுக்க நினைக்கும் பாடம். கோடு போட்டு இணைக்க முடியாத பாடத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். இணைந்ததை மட்டும் வாரக் கணக்கு, சிலபஸ் பி.டி.எஃப்., பதிலாக வைக்க நினைக்கும் பேப்பர் எண் எல்லாம் சேர்த்துப் பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளருக்கு மெயில் போட வேண்டும். போனில் பேசியது கணக்கில்லை. எனக்குப் போனில் “பார்த்துக்கலாம் சார்” என்று சொன்னவர், நான் மனு கொடுத்தபோது வேறு பிரிவுக்குப் போயிருந்தார்.

அப்புறம், உச்சவரம்பு. ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரைதான் ஸ்வயம் வழியாக எடுக்கலாம் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2021 விதிமுறை; அதற்கு முன் 20 சதவீதமாக இருந்தது. ஐந்து பேப்பர் உள்ள செமஸ்டர் என்றால் இரண்டு. மூன்றாவதை ஆசைப்பட்டுப் படிக்கலாம், கணக்கில் காட்ட முடியாது.

ஏ.பி.சி. கணக்கில் இருந்தால் போதும் என்று நம்புவது

மாணவர் சேர்க்கும் கிரெடிட்டையெல்லாம் பதிந்து வைக்கும் ஆன்லைன் கணக்குதான் ஏ.பி.சி. அதற்கு அகடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்று பெயர் வைத்ததால் வந்த வினை. பேங்க் என்றதும், போட்ட பணத்தை எந்தக் கடையிலும் கொடுக்கலாம் என்று நினைத்துவிடுகிறோம். இந்தக் காசு செல்லுமா செல்லாதா என்று கடைக்காரர்தான் சொல்வார். கிரெடிட்டைப் பத்திரமாக வைத்திருந்து காட்டுவது மட்டும்தான் ஏ.பி.சி.யின் வேலை.

2021-இல் வந்த அதன் விதிமுறையில் மூன்று விஷயங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்த கிரெடிட்டின் ஆயுள் அதிகபட்சம் ஏழு ஆண்டு. பட்டம் கொடுக்கும் நிறுவனத்திலேயே பாதிக் கிரெடிட்டாவது எடுத்திருக்க வேண்டும். ஒரு பட்டத்துக்காகச் செலவழித்த கிரெடிட் கணக்கிலிருந்து நிரந்தரமாகக் கழிந்துவிடும். இந்த மூன்றாவதைக் கீழே இரட்டைப் பட்டத்தில் மறுபடி சொல்வேன்.

இனிஷியல்

சிரிக்காதீர்கள். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் ‘கார்த்திக் எஸ்’, ஆதாரில் ‘எஸ் கார்த்திக்’, டிஜிலாக்கரில் ‘கார்த்திக் செல்வம்’. நம் ஊரில் பாதிப் பேருக்கு இதுதான் நிலைமை. அப்பா பெயரை எங்கே ஒட்டுவது என்பதற்கு நம்மிடம் ஒரே முறை கிடையாது, கம்ப்யூட்டருக்கோ ஒரே முறைதான் தெரியும். பெயர் ஒத்துப்போகாமல் ஏ.பி.சி. கணக்கில் கிரெடிட் ஏறாமல் நின்றதை இரண்டு பேரிடம் பார்த்துவிட்டேன். சேருவதற்கு முன்பே ஆதாரைத் திருத்திவிடுங்கள்.

இரண்டாவது பட்டத்தைக் கொசுறாக நினைப்பது

ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யு.ஜி.சி. 2022 ஏப்ரலில் சொன்னது. இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் மோதக் கூடாது. ஒன்று நேரடி, ஒன்று ஆன்லைன் அல்லது தொலைநிலை என்று இருக்கலாம். இரண்டுமே ஆன்லைனாகவும் இருக்கலாம். பி.எச்டி.க்கு இது பொருந்தாது. சட்டம், ஆசிரியர் பயிற்சி போன்றவற்றில் இருப்பவர்கள் அவரவர் கவுன்சில் விதியையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

அனுமதி வந்ததும் வீட்டுக்கு வருகிறவர்களின் கேள்வி மாறிவிட்டது. “எப்படியும் ரெண்டுலயும் இங்கிலீஷ், கம்ப்யூட்டர் எல்லாம் ஒண்ணுதானே, அதைக் காட்டிக்கலாம்ல?” காட்ட முடியாது. மூன்றாண்டுப் பட்டம் ஒன்றுக்கு 120 கிரெடிட் என்பது இப்போதைய கட்டமைப்பு. இரண்டு என்றால் 240-தான், 180 இல்லை. ஒரு பட்டத்துக்குச் செலவழித்த கிரெடிட் கழிந்துவிடும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

இதே 2022-இல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் ஜாயின்ட், டூயல் டிகிரிகளுக்கு வேறொரு விதிமுறை வந்தது. பலர் அதைப் படித்துவிட்டு இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது ஆன்லைன், தொலைநிலைப் படிப்புகளுக்குக் கிடையாது.

கிரெடிட்டைவிடக் காலண்டர்தான் ஆளைக் கவிழ்க்கும். நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் சேரும் ஐ.ஐ.டி. மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். பட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் தொடங்கியது. வீடியோ வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனால் குவிஸும் எண்ட் டெர்மும் நேரில் சென்டருக்குப் போய் எழுத வேண்டும். வருடத்துக்கு மூன்று டெர்ம். இன்ஜினியரிங் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்வோ நவம்பர்–டிசம்பர், ஏப்ரல்–மே. இரண்டு காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், டிசம்பர் எப்படி இருக்கும் என்று புரியும்.

அதே படிப்பில் எனக்குப் பிடித்தது, நடுவில் இறங்குவதற்குப் படிக்கட்டு இருப்பது. 32 கிரெடிட்டோடு ஃபவுண்டேஷன் சர்டிபிகேட், அதற்கு மேல் டிப்ளமோ, 114-இல் பி.எஸ்சி., 142-இல் பி.எஸ். மெக்கானிக்கல் படிக்கும் ஒரு பெண் என்னிடம் கேட்டபோது, “டிப்ளமோ வரைக்கும் போம்மா, அங்கே நின்னு யோசி” என்றேன். அப்படித்தான் செய்தாள். கேம்பஸ் இன்டர்வியூவில் அதைப் பற்றித்தான் பத்து நிமிடம் கேட்டார்களாம்.

பகலில் பி.காம்., இரவில் ஆன்லைன் பி.பி.ஏ. என்று வருகிறவர்களிடம் மட்டும் முகம் கோணுகிறேன். ஒரே குழம்பை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி இரண்டு குழம்பு என்று சொல்வது மாதிரி. அந்தப் பணத்துக்கும் நேரத்துக்கும் செலவுக் கணக்கியல் தொழில்முறைத் தேர்வான சி.எம்.ஏ. இன்டர் எழுதலாம்.

ஒரிஜினல் டி.சி.

ஒன்றுதான் இருக்கும், அது பகல் கல்லூரியின் அலமாரியில் இருக்கும். இரண்டாவது இடத்தில் நகல் போதுமா என்று கட்டணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்.

அங்கீகாரம்

பல்கலைக்கழகத்தின் பெயர் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் இருந்தால் போதாது. அந்தப் படிப்பு, அந்தக் கல்வியாண்டு, இரண்டும் இருக்க வேண்டும்.

ஆன்லைனில் பி.இ.

கிடையாது. விற்கிறவரிடம் பேச்சு வளர்க்காதீர்கள்.

மார்க் எப்படி ஏறும் என்று கேட்காதது

சில இடங்களில் வெளியிலிருந்து கொண்டுவரும் மதிப்பெண் கிரேடாக மாறி சி.ஜி.பி.ஏ.வில், அதாவது ஒட்டுமொத்தச் சராசரியில் சேரும், சில இடங்களில் கிரெடிட் மட்டும் சேரும். என்பிடெல் தேர்வில் 48 வாங்கிவிட்டு, கிரெடிட்டும் கிடைத்து, 8.4-இல் இருந்த சி.ஜி.பி.ஏ. சரிந்ததைப் பார்த்து ஒருவன் அழாத குறை. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் இதையும் அந்த மெயிலிலேயே கேட்டுவிடுங்கள்.

அன்றைக்கு வந்த பையன் தேர்வுக் கட்டணம் இன்னும் கட்டியிருக்கவில்லை. சாப்பாட்டு மேசையிலேயே தாளை விரித்துக் கோடு போட்டோம். ஒரு பாடம் எதோடும் இணையவில்லை, இரண்டு இணைந்தன. மெயிலை அவனே எழுதினான். நான் பேப்பர் எண்ணை மட்டும் சரிபார்த்தேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது: ஒன்றை மட்டும் நான்காம் செமஸ்டர் விருப்பப் பாடத்துக்குப் பதிலாக 3 கிரெடிட்டாக ஏற்கிறோம். அதற்கு மட்டும் ஆயிரம் ரூபாய் கட்டினான். எதோடும் இணையாத அந்தப் பாடத்தின் வீடியோவைத்தான் இப்போது தினமும் ராத்திரி பார்த்துக்கொண்டிருக்கிறானாம், அவன் அப்பா சொன்னார்.