குளிர்காலத்துல ஆத்துல பெர்ச் பிடிக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

இங்கிலாந்து ஆறுகள்ல டிசம்பர் ஜனவரி குளிர்ல உக்காந்து தூண்டில்ல பெர்ச் மீன் பிடிக்கிறது தனி சுகம். பச்சை உடம்புல கறுப்புப் பட்டை, கீழ செக்கச்செவேல்னு துடுப்பு, எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அலுக்காது. ஆனா புதுசா வர்றவங்க பண்ற ஒரு தப்பைப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கு, அதையே முதல்ல சொல்லிடுறேன்.

தக்கை முங்கினதும் "நல்லா முழுங்கட்டும்"னு காத்திருக்காதீங்க. பெர்ச்சுக்கு வாய் பெருசு, முழு மண்புழுவையே ஒரே உறிஞ்சுல உள்ள வாங்கிடும், கொஞ்சம் விட்டா முள்ளு தொண்டைக்குள்ள இறங்கிடும், செவுள் கிழிஞ்சு ரத்தம் வந்துச்சுன்னா ஆத்துல திருப்பி விட்டாலும் பொழைக்கிறது கஷ்டம். தக்கை நகர ஆரம்பிச்சதுமே சுண்டிடுங்க, ரெண்டு மீன் தப்பிச்சாலும் பரவால்ல. பார்ப் (முள்ளு நுனியில பின்னோக்கி இருக்கிற கொக்கி) இல்லாத பெரிய முள்ளா போடுங்க, டிஸ்கார்ஜர் (வாய்க்குள்ள மாட்டின முள்ளைக் கழட்டுற கருவி) இல்லாம வீட்டை விட்டே கிளம்பாதீங்க. தூண்டில் நூல்ல கட்டுற குண்டும் கனமா வேண்டாம், இழுக்கும்போது பாரம் தெரிஞ்சா பெர்ச் புழுவைத் துப்பிட்டுப் போயிடும். ஈயக்குண்டு வேற 0.06 கிராம்ல இருந்து 28.35 கிராம் வரைக்கும் இங்க தடை, 1987லயே வந்த சட்டம், அதனால கடையில ஈயம் இல்லாததுன்னு கேட்டு வாங்குங்க.

அடுத்தது இடம். நடு ஆத்துல வேகமா ஓடுற தண்ணியில போட்டுட்டு மீனே இல்லன்னு சொல்றவங்க நிறைய பேர். குளிர்ல அது எதுக்கு ஓட்டத்தோட மல்லுக்கட்டணும்? கட்டிப் போட்ட படகுக்கு அடியில, மரவேர் பக்கத்துல, பாலத்துச் சுவரை ஒட்டி தண்ணி தேங்குற இடத்துல நிக்கும், பல நேரம் நம்ம காலடியிலேயே இருக்கும், அதனால கரையில தடதடன்னு நடக்காதீங்க.

மழை பெஞ்ச மறுநாள் டீ கலர்ல தண்ணி போகும்போது போறதும் வீண் அலைச்சல்தான், பெர்ச் கண்ணால பாத்து வேட்டையாடுற மீன். வெள்ளம் வடிஞ்சு தெளிய ஆரம்பிக்கட்டும். பனி உருகின தண்ணி கலந்தா அதைவிட மோசம்.

குளிருதுன்னு மூணு மணிக்கே மூட்டை கட்டிடுவாங்க பாருங்க, அதுவும் தப்பு. டிசம்பர்ல நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும், அந்தக் கடைசி அரை மணி நேரத்துலதான் பெரிய பெர்ச் வேட்டைக்குக் கிளம்பும். அதுவரைக்கும் நறுக்கின மண்புழுவைக் கொஞ்சம் கொஞ்சமா தூவிக்கிட்டே இருங்க, மொத்தமா கொட்டாதீங்க.

லைசென்ஸ் விஷயம்: 13 வயசுல இருந்து எல்லாருக்கும் ராட் லைசென்ஸ் (தூண்டில் போடுறதுக்கான உரிமம்) வேணும், 16 வரைக்கும் இலவசம். லைசென்ஸ் இருந்தா எங்க வேணா போடலாம்னு நினைக்காதீங்க, பல இடத்துல கரைக்குன்னு தனியா டே டிக்கெட் வாங்கணும். சமைக்க எடுத்துட்டுப் போலாமான்னு நம்ம ஆளுங்க கண்டிப்பா கேப்பாங்க. ஆத்து பெர்ச்சுன்னா 20 சென்டிமீட்டருக்குள்ள இருக்கிற சின்னதுதான், அதுவும் கரைக்காரங்க அனுமதி இருந்தா மட்டும். பெருசு எல்லாமே திரும்ப ஆத்துக்குத்தான்.

மார்ச் 14ஓட ஆத்துல மீன் பிடிக்கிறதை மூடிடுவாங்க, திரும்பத் திறக்கிறது ஜூன் 16தான். மூடுறதுக்கு முன்னாடி பிப்ரவரி கடைசியில மாட்டுற பெட்டை பெர்ச் வயிறு நிறைய முட்டையோட கனமா இருக்கும், அதை உறைபனிப் புல்லுல போட்டு போட்டோ எடுக்காம, கையை நனைச்சுக்கிட்டு, வலையோட தண்ணியிலயே வெச்சு முள்ளைக் கழட்டி விட்ருங்க.