வீட்டில் கீமோ மாத்திரையா? முதலில் ஃபார்மசிஸ்ட்டைப் பிடியுங்கள்

டிரிப்ஸில் ஏற்றினால்தான் கீமோ என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். கேப்சிடபைன், இமாட்டினிப், டெமோசோலோமைட், அபிரடெரோன் என்று வாயால் சாப்பிடும் புற்றுநோய் மருந்துகள் இன்று நிறைய. மாத்திரை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. ஊசி இல்லை, அட்மிஷன் இல்லை. ஆனால் வார்டில் அளவைச் சரிபார்க்கவும் காய்ச்சல் பார்க்கவும் நர்ஸ் இருப்பார். வீட்டில் அந்த வேலையெல்லாம் உங்கள் தலையில். ஒரு ரிவியூவுக்கும் அடுத்த ரிவியூவுக்கும் நடுவில், நோயாளி சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க உங்களுக்கு எளிதில் கிடைக்கும் ஆள் ஃபார்மசிஸ்ட். அவரிடம் எப்படி வேலை வாங்குவது என்று, கவுன்ட்டருக்கு உள்பக்கம் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

படி 1: சரியான ஆளிடம் கேளுங்கள்

மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் எல்லோரும் ஃபார்மசிஸ்ட் இல்லை. "ஃபார்மசிஸ்ட் இருக்காரா?" என்று கேட்டுவிட்டே பேச்சைத் தொடங்குங்கள். டாக்டர் சீட்டுக்குப் பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டம். மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்வதும் அவர் கடமைதான் என்று 2015-இல் வந்த விதிமுறைகள் சொல்கின்றன. அதனால் தயங்க வேண்டாம், இது சலுகை கேட்பதில்லை. என்ன, மாலை ஆறு மணிக்கு மேல் கூட்டத்தில் போய் நின்றால் யாராலும் நிதானமாகப் பேச முடியாது. மத்தியானம் போங்கள்.

சென்னையில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: கீமோ மாத்திரை அடையாறிலோ ராயப்பேட்டையிலோ சிகிச்சை பெறும் மருத்துவமனையில் வாங்குவது, சுகர், பிரஷர் மாத்திரை தெருமுனைக் கடையில் வாங்குவது. இவர் கொடுப்பது அவருக்குத் தெரியாது. இரண்டு இடத்திலும் ஒரே ஃபைலைக் காட்டுங்கள்.

படி 2: வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் கொண்டுபோங்கள்

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தாண்டாதீர்கள். ஒரு கட்டைப்பையில் எல்லாவற்றையும் போடுங்கள்: சுகர், பிரஷர், தைராய்டு மாத்திரைகள், சத்து மாத்திரை, லேகியம், சூரணம், யாரோ வாட்ஸ்அப்பில் சொல்லி வாங்கிய பொடி, எல்லாம். ஃபார்மசிஸ்ட் திட்ட மாட்டார். திட்டினால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? நம் ஊரில் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு "கேஸ் மாத்திரை" போடுவது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. அதைப் பலர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் எர்லோட்டினிப், ஜெஃபிட்டினிப், டசாட்டினிப், பசோபானிப் போன்ற புற்றுநோய் மாத்திரைகள் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரையில் இருக்கும் பான்டோபிரசோல் அமிலத்தைக் குறைத்துவிட்டால், விலை உயர்ந்த அந்த மாத்திரையில் ஒரு பகுதி ரத்தத்தில் சேராமலே போகும். நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது, அதுதான் சிக்கல்.

இன்னொன்று, கேப்சிடபைன் சாப்பிடுபவர்களுக்கு வாய்ப்புண் வரும். வாய்ப்புண் என்றால் நாம் என்ன செய்வோம்? பி காம்ப்ளெக்ஸ் வாங்குவோம். அதில் ஃபோலிக் அமிலமும் இருப்பது வழக்கம். ஃபோலிக் அமிலம் கேப்சிடபைனின் பக்கவிளைவுகளைக் கூட்டக்கூடியது. புண்ணுக்கு மருந்து என்று வாங்கியது புண்ணையே வளர்க்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் கேப்சிடபைன் தொடங்கினால் ரத்தக்கசிவு வரை போகலாம். மார்பகப் புற்றுநோய்க்கு டாமோக்சிஃபென் சாப்பிடும் பெண்ணுக்கு மனச்சோர்வுக்காக வேறொரு டாக்டர் பராக்ஸிடினோ ஃப்ளூவாக்ஸிடினோ எழுதினால், டாமோக்சிஃபென்னின் பலன் குறையும். பம்பளிமாஸ் பழம்கூடச் சில மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். இப்படி ஏதாவது சிக்கினால் ஃபார்மசிஸ்ட் உங்கள் புற்றுநோய் டாக்டரிடம் பேசுவார், அல்லது குறித்துக் கொடுப்பார். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

படி 3: நேர அட்டவணை எழுதி வாங்குங்கள்

"சாப்பாட்டுக்கு முன், பின்" என்பது இங்கே சும்மா சொல்வதில்லை. கேப்சிடபைனைச் சாப்பிட்டு 30 நிமிடத்துக்குள் போட வேண்டும். இமாட்டினிப்பை உணவோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன். அபிரடெரோன் நேர் எதிர்: பொதுவாகக் கிடைக்கும் வகையைப் போடுவதற்கு முன் 2 மணி நேரமும் பின் 1 மணி நேரமும் வெறும் வயிறு. உணவோடு போட்டால் ரத்தத்தில் மருந்து பல மடங்கு ஏறும். பால் விட்ட ஃபில்டர் காபியும் உணவுக் கணக்குதான். அபிரடெரோனுடன் பிரெட்னிசோலோனும் எழுதியிருப்பார்கள். "ஐயோ ஸ்டீராய்டா" என்று அதை மட்டும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. பிரஷர் ஏறாமல், பொட்டாசியம் இறங்காமல் காப்பதே அதுதான்.

எத்தனை நாள் போட வேண்டும், எத்தனை நாள் இடைவெளி என்பதையும் காலண்டரில் குறித்து வாங்குங்கள். கேப்சிடபைன் பலருக்கு 14 நாள் போட்டு 7 நாள் ஓய்வு. டெமோசோலோமைட்டை 28 நாளில் 5 நாள் மட்டும் கொடுப்பது ஒரு முறை. ஓய்வு நாளும் சிகிச்சையின் பகுதி. ஏகாதசி, ரமலான் நோன்பு இருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 4: கையாள்வது, வைப்பது

பொடிக்கக் கூடாது, உடைக்கக் கூடாது, கேப்ஸ்யூலைத் திறக்கக் கூடாது. விழுங்க முடியவில்லை என்றால் வழி கேளுங்கள். எடுத்துக் கொடுப்பவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும், பிறகு சோப்பு போட்டுக் கை கழுவட்டும். கர்ப்பமாக இருப்பவர், தாய்ப்பால் கொடுப்பவர் தொடவே வேண்டாம். மற்ற மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

அப்புறம் நம் வெயில். பெரும்பாலான அட்டைகளில் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழ் என்று போட்டிருக்கும். மே மாதத்தில் மருந்தை வாங்கி ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு காய்கறி வாங்கப் போகாதீர்கள். ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னால் மட்டும் ஃபிரிட்ஜ். இல்லையென்றால் வெயில் படாத அறையில், பிள்ளைகளுக்கு எட்டாத அலமாரி.

படி 5: தவறினால், வாந்தி எடுத்தால், காய்ச்சல் வந்தால்

ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. வாந்தி எடுத்தால் நீங்களாகத் திரும்பப் போடாமல், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், ராத்திரி இரண்டு மணியானாலும் மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்பது மற்றவர்களுக்குச் சரி, வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கக்கூடிய இவர்களுக்கு ஆபத்து. கேப்சிடபைனில் வழக்கத்தைவிட நாலு முறைக்கு மேல் வயிற்றுப்போக்கு, உள்ளங்கை பாதம் சிவந்து வலித்தல், இவற்றுக்கும் உடனே சொல்ல வேண்டும். ஒரு தெர்மாமீட்டரும் மருத்துவமனை அவசர எண்ணும் முதல் நாளே கையில் இருக்கட்டும்.

படி 6: அடுத்த முறை வாங்கும்போது

பெட்டியின் பெயரைப் பார்க்காதீர்கள், மருந்தின் பெயரைப் பாருங்கள். இமாட்டினிப்பின் காப்புரிமை விண்ணப்பத்தை 2006-இல் நிராகரித்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். 2013-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே மருந்தை இன்று பல கம்பெனிகள் குறைந்த விலையில் விற்கின்றன. அதன் மறுபக்கம், போன மாதப் பெட்டியும் இந்த மாதப் பெட்டியும் வேறு பெயரில் இருக்கும். இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டுவிடும் அபாயம் உண்டு. ஸ்ட்ரிப்பின் மேலேயே மருந்தின் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். கம்பெனி மாறினால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

செலவு இடித்தால் பாதி மாத்திரையாகக் குறைத்துக்கொள்ளாமல், அதைக் கவுன்ட்டரிலேயே சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா, விலை குறைந்த அதே மருந்து உண்டா என்று பார்க்கலாம். தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவைத்தால்தான் இதற்கெல்லாம் நேரம் இருக்கும்.

டாக்டர் மருந்தை மாற்றி, பழையது மிஞ்சினால் குப்பையிலோ கழிவறையிலோ போட வேண்டாம். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு உதவியாகவும் கொடுக்க வேண்டாம். அவருக்கு எழுதிய அளவு வேறு. ரிவியூவுக்குப் போகும்போது மருத்துவமனை மருந்தகத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.