கைதட்டியவருக்கு உங்கள் வட்டாரத்தில் வாக்கு இருக்கிறதா? பந்தடிக்கிற தம்பிமாருக்கு

"அண்ணை, அடுத்த முறை நானும் பிரதேச சபைத் தேர்தல் கேட்கலாமோ?"

இந்த வருடம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவரும் பந்தடிக்கிற பெடியள். ஒருவன் மாலைதீவில் சம்பளத்துக்கு ஆடுகிறான். ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து விளக்கிக் கட்டாது என்பதால் எழுதி வைக்கிறேன். கொழும்பில் ஒரு கழகத்துக்கு ஆறு பருவம் இடது பின்களத்தில் ஆடியவன் நான். 2018 பெப்ரவரியில் பிரதேச சபைத் தேர்தல் கேட்டுத் தோற்றேன். 2023 இல் மனுப் போட்டேன், காசில்லை என்று தேர்தலே நின்றுபோனது. 2025 மே 6 இல் வென்றேன். வெல்வதைவிடத் தோற்பதில்தான் எனக்கு அனுபவம் கூட.

யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் இறுதியாட்டம் என்றால் குருநகர், நாவாந்துறை, இளவாலை, ஊரெழு என்று நாலாபக்கமிருந்தும் சனம் வரும். உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தும். அதில் உங்கள் வட்டாரத்தில் வாக்குள்ளவர் எத்தனை பேர்? 2018 இல் நான் இதை எண்ணிப் பார்க்கவில்லை. நாற்பத்தொரு வாக்கால் போனது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. லைபீரியாவின் ஜோர்ஜ் வேயா 1995 இல் உலகின் சிறந்த வீரர். 2005 ஜனாதிபதித் தேர்தலில் முதல் சுற்றில் முன்னுக்கு நின்றார், இரண்டாம் சுற்றில் தோற்றார். பிறகு படித்தார், 2014 இல் செனட்டுக்குப் போனார், 2017 இல்தான் ஜனாதிபதியாகத் தெரிவானார். 2023 இல் அதையும் இழந்தார். இந்திய அணித் தலைவராக இருந்த பாய்ச்சுங் பூட்டியா டார்ஜிலிங், சிலிகுரி, சிக்கிம் என்று மாறி மாறிக் கேட்டுத் தோற்று, 2024 இல் போதும் என்று விட்டுவிட்டார். அவர்களுக்கே அப்படி. நானும் நீங்களும் எந்த மூலைக்கு?

முதல் வேலை, வாக்காளர் இடாப்பை எடுப்பது. ஒரு சிவப்புப் பேனையோடு இருந்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கனடா, சுவிஸ், கொழும்பு, கலியாணம் முடித்து வேறு ஊர் என்று எழுதுங்கள். எங்கள் இடாப்பில் அப்படி வெட்டியபோது மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மிஞ்சியதுதான் உங்கள் மைதானம். அதில் பாதிப்பேர் பந்தாட்டமே பார்க்காத அம்மாக்கள்.

அவர்களிடம் நடந்து போங்கள். சைக்கிளில்கூட வேண்டாம், படலையில் நின்று கதைக்க நேரம் வராது. எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா இருக்கிறார். நான் நாட்டுக்கே ஆடியவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெயரைச் சொன்னேன். கையில் சுளகோடு நிமிர்ந்து பார்த்து, "நீ ஆற்றை மோன்?" என்றார். அப்பாவின் பெயரைச் சொன்னேன். "ஓ, அவரின்ரையோ. உங்கடை பந்துதானே என்ரை முருங்கையை முறிச்சது?" அது நடந்து இருபது வருடம். அடுத்த நாள் ஒரு முருங்கைத் தடி கொண்டுபோய் நட்டுவிட்டு வந்தேன். அப்போது அவர் சொன்னார், ஒழுங்கை முகப்பு விளக்கு எரியாமல் எட்டு மாதம் என்று. அதை ஒரு கொப்பியில் எழுதினேன். அந்தக் கொப்பிதான் பிறகு என் தேர்தல் அறிக்கை.

இனி ஒரு சங்கதி, பலர் தெரியாமல் மாட்டுப்படுவது. உள்ளூராட்சி வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் இராது, கட்சி அல்லது சுயேச்சைக் குழுவின் பெயரும் சின்னமும்தான் இருக்கும். 2018 இல் என் பெரியம்மா வாக்குப் போட்டுவிட்டு வந்து, "உன்ரை பேரைத் தேடினன், காணேல்லை" என்றார். எங்கே புள்ளடி போட்டாரோ, இன்றுவரை கேட்கவில்லை. ஆகவே உங்கள் முகத்தைவிடச் சின்னத்தை முன்னுக்குக் காட்டுங்கள். சுவரொட்டி சட்டப்படி கூடாது, துண்டுப்பிரசுரம் போதும்.

சுயேச்சையாகக் கேட்கிறவர்கள் கவனிக்க: தனி ஆளாக நிற்க முடியாது. அந்தச் சபை முழுவதற்கும் பட்டியல் நிரப்ப வேண்டும். உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்தாலும் 40 வீதம் விகிதாசாரப் பட்டியலாலும் வருவதால் இரண்டு பட்டியல். பெண் வேட்பாளர் இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கில் ஒருவர் குறைந்தாலும் முழு மனுவும் போகும். பதினொருவரைச் சேர்ப்பதே பாடு, இது அதைவிடப் பாடு. 2025 இல் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஒழுங்காக உறுதிப்படுத்தப்படவில்லை என்று பல மனுக்கள் நிராகரிக்கப்பட்டு, விஷயம் நீதிமன்றம் வரை போனது. சத்தியக் கூற்று, சொத்து விபரம் எல்லாவற்றையும் கடைசி நாளுக்கு முதல் நாளே முடித்துவிடுங்கள். அரச வேலையில் இருப்பவர் முதலில் தன் திணைக்களத்தில் கேட்க வேண்டும்.

காசுக்கு ஒரு கணக்குக் கொப்பி வையுங்கள். 2023 இன் தேர்தல் செலவுச் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாளுக்குள் செலவு விபரம் கொடுக்க வேண்டும், தோற்றாலும்தான். வெளிநாட்டில் இருக்கும் பழைய விளையாட்டுத் தோழர் அனுப்பும் காசையும் அதில் எழுதுங்கள். "சும்மா தந்தது" என்று ஒன்று கிடையாது.

சரி, வென்றுவிட்டீர்கள். எந்த அணிக்கும் பாதிக்குமேல் ஆசனம் இல்லாத சபையென்றால் தவிசாளரை, அதாவது சபைத் தலைவரை, உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவார்கள். சமனாக வந்தால் சீட்டுக் குலுக்கல், நாணயச் சுழற்சி மாதிரித்தான். அன்றைக்கு ஆளாளுக்கு அழைப்பு எடுப்பார்கள். யாருக்கும் வாக்குறுதி கொடுக்குமுன் உங்கள் வட்டார ஆட்களோடு ஒருதரம் இருந்து கதையுங்கள்.

அப்புறம், முதல் கூட்டத்திலேயே மைதானத்துக்கு விளக்குக் கேட்காதீர்கள். நான் கேட்க வாயெடுத்தேன், பக்கத்தில் இருந்த ரீச்சர் மேசைக்குக் கீழே காலில் தட்டினார். ஒழுங்கை விளக்கும் கழிவு வாய்க்காலும் முதலில். மைதானம் மூன்றாவது மாதம்தான் வாயைத் திறந்தேன், இன்னும் கோப்பில் கிடக்கிறது.

முருங்கை அம்மாவின் விளக்கு எரிகிறது. போன கிழமை அழைப்பு எடுத்தார். "தம்பி, வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் பூச்சியெல்லாம் வீட்டுக்குள்ளை வருது, அதுக்கு என்ன செய்யப் போறாய்?"