உளவியல் புராஜெக்ட்டில் சறுக்கும் இடங்கள்

கடலூரில் முதலாண்டு உளவியல் பாடம் எடுக்கிறேன். நாங்கள் படித்த காலத்துக் கோளாறுகளே ஆண்டுதோறும் புதுக் கையெழுத்தில் வந்து நிற்கின்றன. நாய்களை வைத்துச் சோதனை செய்த பாவ்லோவ் பெயரில் எழுத்துப்பிழை போன்றவற்றை விடுங்கள், அதைத் திருத்துபவர் பார்த்துக்கொள்வார்.

ஐ.க்யூ. 100

அறிவுத்திறன் சோதனையில் 100 என்றால் நூற்றுக்கு நூறு இல்லை. சராசரி.

"ராண்டமாதான் சார் எடுத்தேன்"

இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். 'செல்போனும் தூக்கமும்' என்று ஒரு மாணவர் ஆய்வு செய்தார். ஞாயிறு மாலை சில்வர் பீச்சுக்குப் போய் எதிரே வந்தவர்களிடமெல்லாம் கேள்வித்தாளை நீட்டியிருக்கிறார். அறிக்கையில் 'ராண்டம் சாம்ப்ளிங்' (எல்லோருக்கும் சம வாய்ப்புத் தந்து குலுக்கி எடுப்பது) என்று எழுதியிருக்கிறார்!

"யாரையும் பார்த்து வச்சுப் பிடிக்கலையே சார்."

"அந்த நேரத்துல ஓ.டி. துறைமுகத்துல வலை பிரிச்சுக்கிட்டிருந்தவர் உன் கணக்குல வர வழி இருந்துச்சா தம்பி?"

பேச்சில்லை.

யாரைப் பற்றி ஆய்வோ, அவர்கள் அத்தனை பேரின் பட்டியல் முதலில் கையில் வேண்டும். கல்லூரி மாணவர்கள் என்றால் பதிவேட்டில் எண் போட்டுச் சீட்டுக் குலுக்குங்கள். பட்டியலில் உள்ள எவருக்கும் அகப்படும் வாய்ப்பு ஒரே அளவு இருக்கும்.

ஆள் கூடினால் சரியாகிவிடும் என்று அடுத்த சமாதானம் வரும். 1936இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று கேட்டு ஏறக்குறைய ஒரு கோடி சீட்டு அனுப்பியது. திரும்பி வந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை எண்ணி, வேட்பாளர் லாண்டன்தான் ஜனாதிபதி என்றது. பெயர்கள் பெரும்பாலும் தொலைபேசி, கார் வைத்திருந்தோர் பட்டியல்களில் எடுத்தவை, அதாவது வசதி படைத்தவர்கள் பக்கம் சாய்ந்தவை. எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார்.

பீச்சில் கேட்டது குற்றமில்லை. 'வசதி மாதிரி' (கைக்கு எட்டியவர்களைக் கேட்டது) என்று ஒளிக்காமல் எழுதியிருக்கலாம். அவரோ 'கடலூர் இளைஞர்கள்' என்று முடிவை ஊர் முழுக்க விரித்துவிட்டார். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொண்டு கடைசி அத்தியாயத்தையே திரும்ப எழுதினார்.

வந்தவர்களை இரு குழுவாகப் பிரிப்பது இன்னொரு வேலை. அதற்கும் காசு சுண்டத்தான் வேண்டும். முதலில் வந்தவர்களுக்குக் காபி, பிந்தி வந்தவர்களுக்கு வெந்நீர் என்று கொடுத்துவிட்டு நினைவாற்றலைச் சோதித்தால், வித்தியாசம் காபியாலா, ஆளாலா? பிறகு எந்தப் புள்ளியியல் கணக்காலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்

தண்டனை இல்லை. தொல்லை ஒன்று நீங்குவதால் ஒரு செயல் பழக்கமாவது. சீட் பெல்ட் மாட்டியதும் காரின் கீச்சொலி நிற்கிறதே, அது.

ஸ்கிசோஃப்ரினியா

இது ஒரு கடுமையான மனநோய்; சினிமாவில் காட்டும் இரட்டை ஆளுமை இல்லை. மீதியைச் சினிமாக்காரர்களிடம்தான் சண்டை போட வேண்டும்.